நான் மறுத்த போலந்துப் பியர்

இளம் நண்பர்களுக்கு,

போலந்து பியர்களைப் பற்றி நீங்கள் என்னிடம் கேட்டது எளிய கேள்வி. அந்த நாட்டுச் சரக்கை எப்படி மதிப்பிடுவது, எத்தனை வகை உண்டு, எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு ஒரு பக்கத்தில் பதில் எழுதிவிடலாம். எழுத உட்கார்ந்தபோது ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. இந்த வயதில் சுருக்கமாகச் சொல்வதற்கு வேண்டிய தெம்பு எனக்குக் குறைவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இன்று சுவைக்கும் இதே ஒபர்வில்லியே பானக் கிடங்கில் எண்பதுகளில் நான் சுவைத் தேர்வாளனாக இருந்தேன். புதுச்சேரியில் பிறந்து, மொன்பெலியேயில் வேதியியல் படித்து, ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைக்காமல் அந்த வேலைக்கு வந்தவன். பாரிசின் வடக்குப் பகுதிக் கடைகளுக்கும் காபேக்களுக்கும் நாங்கள் பியர் அனுப்பினோம். வந்திறங்கும் ஒவ்வொரு சரக்கிலும் சில பாட்டில்களைத் திறந்து, பார்த்து, முகர்ந்து, சுவைத்து, ஏற்கிறோம் அல்லது மறுக்கிறோம் என்று ஒரு படிவத்தில் கையெழுத்திடுவது என் பணி. என் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டியும் வெளியே போகாது. அந்த அதிகாரத்தின் எடையை நான் உணர்வதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

இன்று நீங்கள் காணும் போலந்து வேறு. அன்று அங்கே பற்றாக்குறை. பார்லி போதாது, கசப்பு தரும் ஹாப்ஸ் பூ போதாது, மூடி செய்யும் தகரம்கூடப் போதாது. ஒரே பெட்டிக்குள் பச்சைப் பாட்டிலும் பழுப்புப் பாட்டிலும் கலந்து வரும். சீட்டுகள் கோணலாக ஒட்டப்பட்டிருக்கும். ஆனால் அந்தக் கோணல் சீட்டுக்குக் கீழே இருந்த பியர் பல சமயம் நேர்த்தியான ஜெர்மன் சரக்கை வெட்கப்படச் செய்யும். பிரச்சினை தரத்தில் இருக்கவில்லை; தரம் ஒரே நிலையில் நிற்காததில் இருந்தது. மார்ச்சில் வந்தது தேன் போல இருக்கும். அதே பெயரில் ஏப்ரலில் வந்தது ஈரக் காகித அட்டையைப் போல மணக்கும்.

எனக்குத் தொழில் கற்பித்தவர் ஓர் ஆல்சாஸ்காரர். ஓய்வு பெறுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளை எனக்குக் கொடுத்தார். பேச்சு குறைவு, கருணை அதனினும் குறைவு. அவர் எனக்கு விட்டுச்சென்ற விதி ஒன்று உண்டு. "பியரில் ஒரு குறையைக் காட்டும்போது, எங்கள் ஊரில் இப்படித்தான் என்று விற்பவன் சொன்னால், அதற்கு மேல் முகராதே. மூடிவிடு." பல முறை அந்த விதி என்னைக் காப்பாற்றியது. ஒரு விதி நம்மைப் பல முறை காப்பாற்றிவிட்டால் பிறகு அதை நாம் பரிசோதிப்பதில்லை. இதை இப்போதைக்குச் சொல்லி வைக்கிறேன்.

போலந்து பியரை எங்களுக்குக் கொண்டுவந்தவர் ஒரு தரகர். யானுஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். போலந்திலிருந்து வடபிரான்சின் சுரங்கப் பகுதிக்குக் குழந்தையாக வந்து, அங்கேயே வளர்ந்து, அறுபதைக் கடந்தவர். அவருக்கு அலுவலகம் கிடையாது, கிடங்கு கிடையாது. ஒரு பழைய தோல்பையும் ஒரு தொலைபேசி எண்ணும்தான். முதலில் அவர் கொண்டுவந்தது சாதாரண வெளிர் பியர். மாதிரிக்கு அவரே எடுத்துக் கொடுத்த மூன்று பாட்டில்களைச் சுவைத்து, மகிழ்ந்து, ஏற்றுக் கையெழுத்திட்டேன். இரண்டு வாரத்தில் பாதிப் பெட்டிகள் திரும்பி வந்தன. அவர் என்னை ஏமாற்றவில்லை. நல்லவை எவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. விருந்தாளிக்கு நல்லதைக் கொடுப்பது போல எனக்குக் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து மாதிரியை நானே எடுத்தேன். அடுக்கின் நடுவிலிருந்து, எவருக்கும் கை எட்டாத இடத்திலிருந்து. அவர் மனம் கோணவில்லை. "முன்பே இப்படிச் செய்திருக்க வேண்டும், மொசியே" என்றார்.

அடுத்து வந்தது போர்ட்டர். கறுப்பு, கனம், சாராயச் சூடு, உலர்ந்த திராட்சையும் சுட்ட ரொட்டியும் சேர்ந்த மணம். பால்டிக் கரையில் பல தலைமுறையாகக் காய்ச்சும் வகை. மாதக்கணக்கில் குளிர்ந்த நிலவறையில் கிடந்து முதிர்வது. அதை விற்க முடியாது என்றார் எங்கள் முதலாளி. தொழிலாளர்கள் எல்லோரும் அவரைப் பத்ரோன் என்றுதான் சொல்வார்கள். நான் விற்றுக்காட்டுகிறேன் என்று சொல்லி, பாரிசின் லா ஷப்பேல் பகுதியில் என் வீட்டுக்கு அருகே, ரூ லூயி-பிளாங் தெருவில் உணவகம் நடத்திய சோமசுந்தரத்திடம் ஒரு பெட்டி கொடுத்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். மறு வாரம் போனபோது பெட்டி அப்படியே இருந்தது.

"அண்ணை, உது மருந்துப் போத்தலோ?" என்றார். "ஒருத்தருக்கு ஊத்திக் குடுத்தன். குடிச்சுப்போட்டு, எத்தினை நாளைக்குக் குடிக்கவேணும், சாப்பாட்டுக்கு முன்னமோ பின்னமோ எண்டு கேக்கிறான்."

பாட்டில்களை அவர் குளிர்பெட்டியின் அடித்தட்டில் உறையும் குளிரில் வைத்திருந்தார். வெளியே எடுத்து, அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நிற்க வைத்து, ஆட்டிறைச்சிக் கறியோடு ஒரு குவளை கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தார், மூன்றாவது வாய்க்குப் பிறகு சமையலறையைப் பார்த்துக் கூவினார்: "இஞ்சை வாங்கோ! பத்தியக்காரருக்கு ஏற்ற மருந்து வந்திருக்கு!" குளிரில் ஊமையாகிவிடும் பியர்கள் உண்டு. பியர் பேசவில்லை என்று எழுதுமுன், நாம் அதன் வாயை அடைத்துவிட்டோமா என்று பாருங்கள்.

இவை இரண்டும் சிறிய பிழைகள். சரிசெய்யக்கூடியவை. மூன்றாவதுதான் நான் எழுத உட்கார்ந்தது.

போலந்தின் மேற்கே குரோஜிஸ்க் என்று ஒரு சிற்றூர். அங்கே கோதுமையை முளைகட்டி, ஓக் விறகின் புகையில் உலர்த்தி, அதிலிருந்து ஒரு பியர் காய்ச்சினார்கள். மெலிந்த உடல், குறைந்த போதை, சீறும் நுரை, பாட்டிலுக்குள்ளேயே நொதித்து அடியில் மண்டி படியும் வகை. உலகில் அன்று அதைக் காய்ச்சிய இடம் அது ஒன்றே என்றார் யானுஸ். பாரிசுக்கு அதைக் கொண்டுவர மூன்று ஆண்டுகள் அலைந்தார். ஏற்றுமதி அலுவலகம் சிரித்ததாம்: மண்டி படிந்த, புகை நாறும் பியரைப் பிரெஞ்சுக்காரன் குடிப்பானா? இறுதியில் ஆலையில் ஒருவர் இவருக்காகப் பொறுப்பேற்றுக்கொண்டார். எண்பது பெட்டிகள். பாரிசில் ஒரு தேர்வாளர் ஏற்றுக் கையெழுத்திட்டால் ஆண்டுதோறும் வரும். மறுத்தால் அத்தோடு முடிந்தது. அந்த மனிதரும் அங்கே தலைகுனிய வேண்டும்.

"இந்த ஒன்று போனால் இன்னொன்று வராது" என்று யானுஸ் சொன்னார். தன் வயதையும் சேர்த்துத்தான் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன். அந்தப் பியரைப் பாரிசில் ஒரு மேசைமேல் பார்ப்பதைத் தவிர அவருக்கு அந்தத் தொழிலில் வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

சரக்கு ஏப்ரலில் வந்தது. அதற்கு மூன்று வாரங்களுக்கு முன் என் மனைவி இறந்திருந்தாள். எட்டு மாத நோய். மாலைதோறும் கிடங்கிலிருந்து நேராக மருத்துவமனைக்குப் போவேன். கடைசிப் பேருந்துக்கு முன் திரும்புவேன். அலுவலகத்தில் எவருக்கும் நான் சொல்லவில்லை. நான்கு நாள் விடுப்பு எழுதினேன்; காரணம் எழுதவில்லை. ஐந்தாம் நாள் வந்து வழக்கம்போல் மேலங்கியை மாட்டிக்கொண்டேன். துக்கத்தைத் தனியாக வைத்துக்கொள்வது கண்ணியம் என்று எண்ணினேன். வேலை என்னைத் தாங்கும் என்றும் எண்ணினேன். முதலாவது அகந்தை, இரண்டாவது உண்மை, ஆனால் வேலையை யார் தாங்குவது என்று நான் கேட்கவில்லை.

அடுக்கின் நடுவிலிருந்து மூன்று பாட்டில்கள் எடுத்தேன். முதல் பாட்டிலின் மூடி திறந்ததும் மருத்துவமனை வாடை வந்தது. கிருமிநாசினி, கட்டுத்துணி, கழுவிய தரை. சந்தேகத்துக்கு இடமில்லாத வாடை. இரண்டாவதிலும் அதுவே, மூன்றாவதிலும் அதுவே. இந்தக் குறை நீங்கள் அறிந்ததுதான்: கழுவும் நீரில் உள்ள குளோரின் பியரில் கலந்தால் இப்படி மணக்கும். மண்டியும் கலங்கலும் வேறு. படிவத்தில் "மருந்து வாடை, தொற்று ஐயம், மறுக்கப்படுகிறது" என்று எழுதினேன்.

விற்பவர் விரும்பினால் அவர் முன்னிலையில் இரண்டாம் முறை சுவைக்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். யானுஸ் தொலைபேசியில் அழைத்தார்.

"மொசியே, அது புகை. அது அப்படித்தான் மணக்க வேண்டும். எங்கள் நாட்டில் அது..."

நான் எதிர்பார்த்திருந்த வாக்கியம் அது. அதற்கு மேல் கேட்கவில்லை. "புகை எனக்குத் தெரியும். இது மருத்துவமனை" என்றேன்.

"நாளை வந்து உங்களோடு சேர்ந்து சுவைக்கலாமா?"

"அவசியம் இல்லை. மூன்று பாட்டில், மூன்றும் ஒன்றே."

மறுத்த சரக்கை மூன்று நாளில் உரியவர் எடுத்துச்செல்லாவிட்டால் கிடங்கில் கொட்டிவிடுவோம். அவருக்கோ வைக்க இடமில்லை. மூன்று நாளும் இடம் தேடினார் என்று பின்னர் அறிந்தேன். கோடைக்காலச் சரக்கு வரப்போகிறது, இடம் வேண்டும் என்று பத்ரோன் இருமுறை நினைவூட்டினார். வெள்ளிக்கிழமை காலை கொட்டத் தொடங்கினோம்.

கொட்டும்போது சாட்சியாக நிற்பதும் என் பணி. முற்றத்தில், பக்கத்துக் கால்வாய்க்கு ஓடும் கழிவுநீர்த் துளையருகே இரண்டு பேர் பாட்டில்களைத் திறந்து கவிழ்த்தார்கள். ஒருவர் சிவா, பேச்சை நிறுத்தாதவர். மற்றவர் அருளம்பலம், நாற்பது வயதிருக்கும், யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டம் வைத்திருந்தவர். இருவருமே பிரான்சுக்கு வந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை.

"கனாலிலை இருக்கிற மீனுக்கெல்லாம் இண்டைக்கு வெறிதான்" என்றார் சிவா. "பின்னேரம் தூண்டில் போட்டால் கறியோடை சேத்துப் பியரும் வரும்."

"வாயை மூடிக்கொண்டு ஊத்தடா" என்றார் அருளம்பலம். சொல்லிவிட்டு, கவிழ்க்க எடுத்த பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனார். இன்னொன்றைத் திறந்து அதையும் முகர்ந்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அண்ணை, ஒண்டு சொல்லட்டோ?"

"சொல்லுங்க."

"உது பழுதாப் போகேல்லை. புகை போட்டிருக்கு."

"புகை இல்லைங்க அது. மருந்து வாடை. கழுவுற தண்ணியில வந்த கோளாறு."

"நான் இருபது வருசம் புகையிலைக்குப் புகை போட்டவன், அண்ணை. குடிலுக்கை இலையைக் கட்டித் தூக்கிப்போட்டு, கீழை தேங்காய்ப் பொச்சுமட்டையை எரிக்கிறது. மட்டை ஈரமெண்டால் ஒரு மணம், காய்ஞ்சதெண்டால் வேறை மணம். அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டினால் இலையே காட்டிக் குடுத்திடும். உது நல்லாக் காய்ஞ்ச விறகு. ஆறுதலாப் போட்டிருக்கிறாங்கள். ஒருத்தன் பக்கத்திலை குந்திக்கொண்டிருந்து பாத்துப் பாத்துப் போட்ட புகை உது."

"எனக்கு மருத்துவமனைதான் மணக்குது."

அவர் என்னைப் பார்த்தார். சிவாவுக்குக் கேட்காத அளவுக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கோவிக்காதேங்கோ. அக்கா மோசம் போய் இன்னும் மாசம் திரும்பேல்லை. உங்கடை மூக்கை விட்டு ஆஸ்பத்திரி இன்னும் போகேல்லை."

நான் அதிர்ந்தது அவர் சொன்னதற்காக அல்ல, அவருக்குத் தெரிந்திருந்ததற்காக. "உங்களுக்கு யார் சொன்னது?" என்றேன்.

"நல்லதுக்குத்தான் சொல்லவேணும். செத்தவீட்டுக்குச் சொல்லத் தேவையில்லை. லா ஷப்பேல் கடையளிலை கதைச்சவை. நாங்கள் நாலு பேர் வேதக்கோயிலுக்கு வந்தனாங்கள். கடைசி வாங்கிலை இருந்தனாங்கள். நீங்கள் திரும்பிப் பாக்கேல்லை."

அவரிடம் ஒரு பாட்டிலை வாங்கி ஊற்றி முகர்ந்தேன். இங்கே ஒரு திருப்பத்தை நீங்கள் எதிர்பார்க்கலாம். அது நடக்கவில்லை. மருத்துவமனையே மணந்தது. முன்னிலும் தெளிவாக மணந்தது. என் புலன் ஒன்று சொல்கிறது. பெட்டி தூக்கும் ஒருவர் வேறொன்று சொல்கிறார். பின்னால் பியர் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு நிமிடமும் ஒரு பெட்டி.

"சிவா, கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன்.

வேதியியல் எனக்குக் கொடுத்திருந்த ஒரே பாதுகாப்பு, என்னையும் ஒரு கருவியாகப் பரிசோதிக்கலாம் என்பது. மூன்று குவளைகள் எடுத்துவரச் செய்தேன். இரண்டில் சாதாரண வெளிர் பியர். அவற்றுள் ஒன்றில், முதலுதவிப் பெட்டியிலிருந்த பினாயில் வகைக் கிருமிநாசினியைப் பலமுறை நீர்க்கச் செய்து ஒரு துளி விட்டேன், முகர மட்டும். மூன்றாவதில் மறுத்த பியர். சிவா எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று இடம் மாற்றி வைப்பார். நாங்கள் ஒருவர் பின் ஒருவராகக் கண்ணை மூடிக்கொண்டு முகர்வோம்.

அருளம்பலம் நிதானமாக முகர்ந்தார். "இது சும்மா பியர். இது ஆஸ்பத்திரி. இது குடில்."

"சரி" என்றார் சிவா. முதல் முறையாக அவர் குரலில் விளையாட்டு இல்லை.

நான்கு முறை மாற்றி வைத்தோம். நான்கு முறையும் அவர் தவறவில்லை. நான் சாதாரண பியரை ஒவ்வொரு முறையும் கண்டுகொண்டேன். மற்ற இரண்டையும் என்னால் பிரிக்க முடியவில்லை. இரண்டு குவளைகளிலும் அதே நீண்ட நடைபாதை, அதே கழுவிய தரை. புகையின் மணமும் கிருமிநாசினியின் மணமும் வேதியியலில் நெருங்கிய உறவினர்கள் என்பதை நான் மாணவனாக இருந்தபோதே படித்திருக்கிறேன். படித்தது உதவவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கதவு என்னுள் எட்டு மாதங்களில் தேய்ந்து அற்றுப்போயிருந்தது.

எண்ணிப் பார்த்தோம். நாற்பத்தேழு பெட்டிகள் போய்விட்டன. முப்பத்துமூன்று எஞ்சியிருந்தன.

நண்பர்களே, தீர்ப்பு என்பது கையெழுத்திடும் கணத்தில் நிகழ்வதாக நாம் நினைக்கிறோம். கடினமான தீர்ப்பு அதற்குப் பிறகு வருகிறது. முப்பத்துமூன்று பெட்டிகளையும் கொட்டிவிட்டால் என் பிழைக்குச் சான்று இராது. படிவம் ஒழுங்காக இருக்கிறது. யானுஸ் ஏற்கெனவே தோற்றுவிட்டவர். நிறுத்தினால், பாதியைக் கொட்டிய பிறகு விழித்துக்கொண்ட தேர்வாளன் என்று என் பெயர் நிற்கும். இதைச் சில கணங்கள் எண்ணிப் பார்த்தேன் என்பதையும் உங்களிடம் மறைக்கவில்லை. அருளம்பலம் குவளைகளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். என்னை அவர் அவசரப்படுத்தவில்லை.

பத்ரோனிடம் மேலே போனேன். நடந்ததைச் சொன்னேன்.

"இப்போது உங்களுக்குப் புகை மணக்கிறதா?" என்று கேட்டார்.

"இல்லை. இப்போதும் மருத்துவமனைதான்."

"உங்கள் மூக்குக்குத்தான் நான் சம்பளம் கொடுக்கிறேன். அது மறு என்று சொல்கிறது. பெட்டி தூக்குபவரின் மூக்கு ஏற்றுக்கொள் என்றால், அதற்காக உங்கள் கையெழுத்தை மாற்றுவீர்களா?"

"இன்று மாற்றுவேன். இன்று இந்தக் கிடங்கில் வேலை செய்யும் மூக்கு அவருடையது."

"காரணம்?"

அப்போதுதான் அந்த அலுவலகத்தில் முதன்முறையாக அதைச் சொன்னேன். பத்ரோன் கடுமையானவர். எழுந்து ஜன்னலருகே போனார், திரும்பி வந்தார், வேறொரு படிவத்தை எடுத்து என் முன் வைத்தார். முன்னதை ரத்து செய்து, எஞ்சிய முப்பத்துமூன்று பெட்டிகளையும் ஏற்பதாக எழுதினேன். கொட்டியது என் பிழையால் என்றும் எழுதினேன். என் மூக்கு மறுத்த ஒன்றுக்கு நான் ஒப்பமிட்டது அந்த ஒரு முறைதான்.

யானுஸ் நண்பகலில் வந்தார். ஈரமான முற்றத்தைப் பார்த்தார், அடுக்கி வைத்த காலிப் பெட்டிகளைப் பார்த்தார். தோல்பையிலிருந்து துணியில் சுற்றிய ஒரு குவளையை எடுத்தார். உயரமானது, கீழே குறுகி மேலே விரிந்தது. அந்தப் பியருக்கென்றே உள்ளது. மண்டி கலங்காமல் ஒரே வீச்சில் ஊற்றி, நுரை அடங்கும்வரை பொறுத்து, என்னிடம் நீட்டினார்.

"என்ன மணக்கிறது?"

பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். "மருத்துவமனை" என்றேன். "மூன்று வாரங்களுக்கு முன் என் மனைவி இறந்தாள். அது இந்தச் சரக்கின் குறையில்லை."

அவர் குவளையை என் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தார். கோபத்தை எதிர்பார்த்தேன், அதற்கு அவருக்கு முழு உரிமை இருந்தது.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை, மொசியே?" என்றார். "சொல்லியிருந்தால் இலையுதிர்காலத்தில் அனுப்பச் சொல்லியிருப்பேன். மூன்று ஆண்டுகள் காத்திருந்தவன். ஆறு மாதம் எனக்குப் பெரிதா?"



முப்பத்துமூன்று பெட்டிகளும் விற்றன. சோமசுந்தரம் ஐந்து வாங்கினார். பொரித்த மீனோடு கொடுத்தார். மீண்டும் எப்போது வரும் என்று கோடை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார். வரவில்லை. பாதிச் சரக்கு கொட்டப்பட்ட செய்தி ஏற்றுமதி அலுவலகத்துக்குப் போயிற்று. முன்பே சிரித்தவர்கள் மறுபடி சிரித்திருக்க வேண்டும். பிழை என்னுடையது என்று இரண்டு கடிதங்கள் எழுதினேன். ஆலையில் பொறுப்பேற்ற அந்த மனிதருக்கு அவை போய்ச் சேர்ந்தனவா என்று தெரியாது. யானுஸ் எங்களுக்கு மேலும் சில ஆண்டுகள் போர்ட்டர் கொண்டுவந்தார். குரோஜிஸ்க் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இப்போது அந்த வகையை மறுபடி பலர் காய்ச்சுவதாகப் படிக்கிறேன். உங்கள் மேசைக்கு அது வரும். வரும்போது அவசரப்படாதீர்கள்.

சரக்கைக் கொட்டிய அந்த வாரமே பத்ரோனிடம் சொல்லி, படிவத்தின் தலையில் ஒரு வரி சேர்த்தேன். "சுவைப்பவரின் நிலை" என்று அது இன்றும் இருக்கிறது. பியரைப் பற்றி எழுதுமுன் உங்களைப் பற்றி எழுதும் வரி. உங்களில் பலர் அதைக் காலியாக விடுகிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். சளி, தூக்கமின்மை, வீட்டில் சண்டை, பிள்ளைக்குக் காய்ச்சல், எதுவானாலும் எழுதுங்கள். அதைப் படிப்பவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

ஏப்ரலுக்குப் பின் நான் தனியாகச் சுவைக்கவில்லை. அருளம்பலம் என்னோடு அமர்ந்தார். அவருடைய கூலியையும் பதவியையும் பத்ரோன் மாற்றி எழுதினார். குரோஜிஸ்க் பியரில் சில பாட்டில்களை மட்டும் நான் விலைகொடுத்து எடுத்து வைத்திருந்தேன், என்னைச் சோதிப்பதற்காக. மாதம் ஒன்று திறப்போம். மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட்: மருத்துவமனை. செப்டெம்பரிலும் அக்டோபரிலும் எதுவும் தெளிவில்லை. நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் திறந்தபோது விறகு மணந்தது. உலர்ந்த, நிதானமான, சற்றே இனிப்பான புகை. அதற்கு அடியில் கோதுமை. அதற்கும் அடியில் ஹாப்ஸின் கசப்பு. அருளம்பலம் சொன்னது சரி. ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துப் போட்ட புகை அது.

"வருதோ, அண்ணை?"

"வருது."

"அப்ப மூக்கு சரி. இனிப் பயமில்லை."

மகிழ்ந்திருக்க வேண்டும். மீண்டும் முகர்ந்தேன், மீண்டும் மீண்டும் முகர்ந்தேன். புகைதான் இருந்தது. அந்த எட்டு மாதங்களில் அவள் படுக்கையருகே நான் இருந்ததற்கு என்னிடம் எஞ்சியிருந்தது அந்த வாடை ஒன்றுதான் என்பது, அது போன பிறகே எனக்குத் தெரிந்தது. அருளம்பலம் குவளையை எடுத்து ஓரமாக வைத்தார். படிவத்தை இழுத்து என் முன் வைத்தார். முதல் வரியில் "நலம்" என்று எழுதினேன். வெளியே ஜெர்மன் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது.